பிழைக்கு அடுத்த பந்து

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலை மலையைத் தொடும் இடத்துக்கு அடிவாரம் என்றே பெயர். அந்தப் பக்கத்துக் கல்லூரி மைதானங்களில் நின்றால் சேர்வராயன் மலை கண்ணில் படாமல் இருக்காது. மாலையில் அவற்றில் ஒன்றில் கால்பந்து ஆட்டம் நடந்தால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பந்தை மட்டும் பார்க்க வேண்டாம். பின்களத்தில் ஒரு பையன் பாஸைச் சொதப்பி, எதிரணி கோல் போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் மற்றவர்களின் கண்கள் எங்கே போகின்றன என்று கவனியுங்கள். முதலில் சொதப்பியவனைப் பார்ப்பார்கள். அடுத்து கேப்டனைப் பார்ப்பார்கள்.

கேப்டன் இரண்டு கைகளையும் விரித்து வானத்தைப் பார்க்கலாம். "விடுடா மச்சான், அடுத்தது பாத்துக்கலாம்" என்று முதுகில் தட்டிவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடலாம். இரண்டுக்கும் ஆகும் நேரம் சில விநாடிதான். ஆனால் அந்தச் சில விநாடியில் பதினொரு மூளைகளுக்குள் நடப்பதை அறிந்தால், விளையாட்டு பார்க்கும் விதமே மாறிப்போகும்.

முதலில் சொதப்பியவனின் தலைக்குள் போவோம். தவறு செய்ததை அவன் உணர்வதற்கு முன்பே அவன் மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, வேகமாகப் பொத்தான் அழுத்தும் சோதனையில் ஆட்களை உட்கார வைத்தார்கள். தவறான பொத்தானை அழுத்திய ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள், நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு மின் அலை எழுந்தது. இதைப் 'பிழைசார் எதிர்மின் அலை' என்கிறார்கள். நாம் சுருக்கமாகப் பிழை அலை என்போம். கண் இமைத்து முடிவதற்குள் எச்சரிக்கை மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. 'ஐயோ' என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதைவிட வியப்பானது 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டது. அடுத்தவர் பிழை செய்வதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மூளையிலும் அதே இடத்தில் அதே போன்ற அலை எழுந்தது. கொஞ்சம் தாமதமாக, சுமார் கால் விநாடி கழித்து. அப்படியானால் பின்களத்துப் பையன் சொதப்பும்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களின் தலைகளிலும் மணி அடிக்கிறது என்றே கொள்ளலாம். அவர்கள் முகம் சுளிப்பது கெட்ட எண்ணத்தால் அல்ல. அவர்களுடைய மூளை அந்தப் பிழையைப் பாதி தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டுவிட்டது.

மணி அடித்த பிறகு என்ன ஆகும்? 1966இல் பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பேட்ரிக் ராபிட் எளிமையான ஒன்றைக் கவனித்தார். தவறு செய்தவர் அடுத்த முயற்சியில் வழக்கத்தைவிட மெதுவாகச் செயல்படுகிறார். நிதானம் கூடியதால் மெதுவானார் என்று நினைக்கத் தோன்றும். சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் வேறொரு காரணத்தையும் காட்டின. பிழை என்பது அரிதான, எதிர்பாராத நிகழ்வு. ஆகவே கவனம் அதன் பக்கமே இழுபட்டுப் போய்விடுகிறது. அடுத்த வேலைக்குக் குறைந்த கவனமே மிஞ்சுகிறது. ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் சற்றுத் தடுமாறிய ஓட்டுநர், அதையே நினைத்துக்கொண்டு அடுத்த வளைவை எடுப்பதைப் போன்றது இது. ஆபத்து கடந்துபோன வளைவில் இல்லை. அணியில் ஒருவர் செய்யும் தவறின் முதல் விலையை ஸ்கோர் பலகை சொல்லிவிடும். இரண்டாவது விலை அடுத்த சில நிமிடங்களில், யார் கணக்கிலும் எழுதப்படாமல், மெல்லக் கழிந்துகொண்டிருக்கும். நல்ல கேப்டனின் வேலை அந்த இரண்டாவது விலையைக் குறைப்பதே.

இதற்கு நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு தொடரைவிட நல்ல பாடம் கிடையாது. கால்பந்தை விட்டுச் சற்று கிரிக்கெட்டுக்கு வாருங்கள். சேலத்துக்காரர் ஒருவரும் இதில் வருகிறார்.

2020 டிசம்பர் 17, அடிலெய்டு. இந்தியக் கேப்டன் விராட் கோலி 74 ரன்னில் அசைக்க முடியாமல் நின்றார். எதிர்முனையில் அஜிங்க்ய ரஹானே. ரஹானே ரன்னுக்கு அழைத்தார்; பாதியில் மனம் மாறினார்; கோலி திரும்ப வழியில்லாமல் ரன் அவுட் ஆனார். அப்போது ஸ்கோர் 188. எட்டு ரன் கழித்து ரஹானேயும் எல்.பி.டபிள்யூ. 188க்கு 3 விக்கெட் என்றிருந்த அணி 244க்குச் சுருண்டது. இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் இரண்டாவது இன்னிங்ஸில் 36 ரன். ஒரு ரன் அவுட்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சு அபாரமாக இருந்தது. ஆனால் ரஹானே எந்தச் சுமையோடு அடுத்த பந்தைச் சந்தித்திருப்பார் என்பதை ராபிட் சொன்னதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அன்று மாலையே கோலியிடம் மன்னிப்புக் கேட்டதாக ரஹானே பின்னர் சொன்னார்.

கோலி ஊர் திரும்பினார். ரஹானே கேப்டன் ஆனார். டிசம்பர் 28, மெல்பர்ன். ரஹானே 112 ரன்னோடு நிற்கிறார். ரவீந்திர ஜடேஜா 49. அரைச்சதத்துக்கு ஒரு ரன் வேண்டும். ஜடேஜா பந்தைத் தட்டிவிட்டு ஓட, ஆஸ்திரேலியாவின் லபுஷேன் எறிய, விக்கெட் கீப்பர் பெய்ன் பெயில்களைத் தட்டிவிட, ரஹானே மயிரிழையில் ரன் அவுட். டெஸ்ட் வாழ்க்கையில் அதுவரை ஒருமுறைகூட ரன் அவுட் ஆகாதவர் அவர். பதினோரு நாள் முன்பு தான் கோலிக்குச் செய்ததையே இப்போது இன்னொருவர் தனக்குச் செய்திருக்கிறார். ஜடேஜாவின் முகம் இருண்டது. ரஹானே நேராகப் பெவிலியனுக்குப் போகவில்லை. ஜடேஜாவிடம் நடந்து போய்த் தட்டிக்கொடுத்து, தொடர்ந்து ஆடச் சொல்லிவிட்டுப் போனார். ஜடேஜா அரைச்சதம் கடந்து 57 எடுத்தார். இந்தியா 326, முதல் இன்னிங்ஸில் 131 ரன் முன்னிலை, ஆட்டத்தில் எட்டு விக்கெட் வெற்றி.

அந்தத் தட்டல் எதற்கு உதவுகிறது? 2008-09 பருவத்தின் தொடக்கத்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியின் 30 அணிகளையும் எடுத்துக்கொண்டு, 294 வீரர்கள் ஒருவரையொருவர் எத்தனை முறை தொடுகிறார்கள் என்று கலிபோர்னிய ஆய்வாளர்கள் எண்ணினார்கள். உள்ளங்கை தட்டல், முட்டி இடிப்பு, தோளணைப்பு எல்லாம் கணக்கில் வந்தன. ஒரு தொடுதல் சராசரியாக இரண்டு விநாடிதான். தொடக்கத்தில் அதிகம் தொட்டுக்கொண்ட அணிகள் பருவம் முழுவதும் மேலாக ஆடின. வீரர்களின் சம்பளம், தொடக்கக்கால ஆட்டம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. தொட்டதால் ஜெயித்தார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஒற்றுமையான அணி இயல்பாகவே அதிகம் தொட்டுக்கொள்ளும். என்றாலும் முதுகில் விழும் ஓர் உள்ளங்கை, ஒரு வாக்கியத்தைவிட வேகமாகச் செய்தியைக் கொண்டுசேர்க்கிறது. "நீ இன்னும் எங்களில் ஒருவன்தான்" என்பதே அந்தச் செய்தி.

மனநிலை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதையும் அளந்திருக்கிறார்கள், அதுவும் கிரிக்கெட்டில். பிரிட்டனின் பீட்டர் டாட்டர்டெல், மோதிக்கொண்ட இரண்டு தொழில்முறை அணிகளின் வீரர்களிடம் கையடக்கக் கணினிகளைக் கொடுத்தார். நான்கு நாள் ஆட்டத்தில் நாளுக்கு மூன்று முறை அவர்கள் தங்கள் மனநிலையைப் பதிவு செய்தார்கள். 2000இல் முடிவுகள் வெளிவந்தன. ஒருவரின் மனநிலை தோழர்களின் சராசரி மனநிலையோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. ஆட்டம் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கழித்த பிறகும் அப்படித்தான். வயதில் மூத்தவர்களிடமும், அணியோடு அதிகம் ஒன்றியவர்களிடமும் இந்தப் பிணைப்பு வலுவாக இருந்தது. அணியை நேசிக்கிறவர்தான் அணியின் சோர்வையும் அதிகம் சுமக்கிறார். கேப்டனுக்கு இது கடினமான இடம்: எல்லோருடைய வாட்டமும் அவருக்குள் வந்து சேர்கிறது, எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள்.

நல்லவேளை, அவர் தனியாக இல்லை. 2014இல் பெல்ஜியத்தின் கட்ரின் ஃபிரான்சனும் சக ஆய்வாளர்களும் ஒன்பது விளையாட்டுகளைச் சேர்ந்த 4,451 வீரர்களையும் பயிற்சியாளர்களையும் கேட்டார்கள். களத்தில் உத்தி சொல்பவர், உற்சாகம் ஊட்டுபவர், களத்துக்கு வெளியே அணியை ஒட்டவைப்பவர், வெளியுலகிடம் அணிக்காகப் பேசுபவர் என்று தலைமையை நான்கு வேலைகளாகப் பிரித்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு, இந்த நான்கில் ஒன்றில்கூடக் கேப்டன் முதலிடத்தில் இல்லை! கையில் பட்டை கட்டியவர் ஒருவர். கோல் விழுந்ததும் ஓடிவந்து தட்டிக்கொடுப்பவர் வேறொருவர். கல்லூரி அணிகளை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். விடுதி அறையில் யார் கட்டிலில் எல்லோரும் வந்து உட்காருகிறார்களோ, அந்தப் பையனும் தலைவன்தான்.

கல்லூரி விளையாட்டில் நடந்த பிழைகளில் மிகப் பெரியது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1929 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் பாசடேனாவில் நடந்ததைத்தான் சொல்வேன். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கலிபோர்னியா பல்கலைக்கழக வீரர் ராய் ரீகல்ஸ், எதிரணி ஜார்ஜியா டெக் நழுவவிட்ட பந்தைப் பொறுக்கினார். நெரிசலில் திசை தடுமாறி, அறுபது கெஜத்துக்கு மேல் தன் அணியின் எல்லையை நோக்கியே ஓடினார். பென்னி லோம் என்ற தோழர் கத்திக்கொண்டே பின்னால் துரத்திப் பிடித்து நிறுத்தினார். அதற்குள் எதிரணி வந்து அமுக்கிவிட்டது. அடுத்த ஆட்டத் துணுக்கிலேயே எதிரணிக்கு இரண்டு புள்ளி. இறுதிக் கணக்கு 8-7.

இடைவேளையில் ரீகல்ஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுதார். முதல் பாதியில் ஆடியவர்களே இரண்டாம் பாதியையும் தொடங்குவார்கள் என்றார் பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ். ரீகல்ஸ் எழவில்லை. ஆட்டம் பாதிதான் முடிந்திருக்கிறது என்று சொல்லி அவரை எழுப்பி அனுப்பினார் பிரைஸ். இரண்டாம் பாதியில் ரீகல்ஸ் எதிரணி உதைத்த பந்து ஒன்றைத் தடுத்தும் காட்டினார். அடுத்த பருவத்தில் கலிபோர்னிய அணியின் கேப்டன் யார் தெரியுமா? ரீகல்ஸ்தான். 1957இல் ஒரு பள்ளி மாணவன் அதேபோல் தவறான திசையில் ஓடித் தன் அணியைத் தோற்க வைத்தபோது, அவனுக்கு ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதியவரும் அவர்தான்.

தட்டிக்கொடுப்பதோடு வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இங்கேதான் விஷயம் இன்னும் ஆழமாகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக வழிநடத்தப்படும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகு புரிந்தது. அங்கே பிழைகள் அதிகம் நடக்கவில்லை; அதிகம் வெளியே சொல்லப்பட்டன. தவறை ஒப்புக்கொண்டால் மானம் போகாது என்ற இந்த நம்பிக்கையே 'உளப் பாதுகாப்பு' என்று 1999இல் அவர் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. கால்பந்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஆட்டத்தின் நடுவே தட்டலும் இரண்டு சொல்லும் போதும். பிழையை அலசுவதற்கான இடம் மறுநாள் பயிற்சி. அங்கே அதை மூடி மறைக்கவும் கூடாது. "நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?" என்று கேப்டன் கேட்க, "கேட்கலை" என்று பையன் பயமில்லாமல் சொன்னால் அணிக்கு ஒரு புதிய தகவல் கிடைக்கிறது. பயந்து தலையாட்டினால் அதே பிழை அடுத்த வாரமும் வரும்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த பந்துவீச்சாளர் நடராஜனின் கதையில் இந்த இரண்டாவது வேலை தெரிகிறது. 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன். வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காக அழைத்துச் செல்லப்பட்டவர், அன்று டெஸ்ட் தொப்பி அணிந்தார். லபுஷேன் அரைச்சதம் எட்டும் முன்பே அவர் தந்த கேட்ச் வாய்ப்புகள் இரண்டு முறை நழுவின. ஒன்றை நழுவவிட்டவர் கேப்டன் ரஹானேயே. லபுஷேன் 108 வரை போனார். கடைசியில் அவரை வீழ்த்தியது நடராஜன். முதல் இன்னிங்ஸில் மொத்தம் மூன்று விக்கெட். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் டெஸ்ட் தோற்றது அதுவே முதல்முறை. கோப்பையை வாங்கிய ரஹானே அதை நடராஜன் கையில் கொடுத்தார்.

ஆறு ஆண்டுக்கு முன்பு நிலைமை வேறு. 2015 தொடக்கத்தில் முதல் ரஞ்சி ஆட்டம் ஆடிய உடனேயே, நடராஜனின் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகாரானது. பந்தை விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக் கூடாது என்பது சர்வதேச விதி; கடிகார முகத்தில் இரண்டரை நிமிட அளவுதான் அது. அந்தச் சிறு கோணம் ஒரு தறித் தொழிலாளியின் மகனை ஊருக்கே திருப்பி அனுப்பியிருக்கும். தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள் அவரை ஒதுக்கிவைக்கவில்லை. பிழை எங்கே இருக்கிறது என்று அவருடன் உட்கார்ந்து பார்த்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு, பந்துக்குப் பந்து, கையின் பாதையையே மாற்றி அமைத்தார்கள். பிரிஸ்பேனில் லபுஷேனை வீழ்த்திய பந்து அந்த மாற்றிய கையிலிருந்து வந்தது.