திரும்பக் கேட்கும் வகுப்பு

பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்கு மேல் சுலபமாகப் பேசிவிடுவார். கையால் குறிப்பெடுக்கும் மாணவரால் அதில் சிறு பங்கைத்தான் தாளில் பிடிக்க முடியும். எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. இருநூறு முந்நூறு பேர் அமர்ந்த அரங்கில் கை தூக்கி நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் துணிச்சல் வராது. பாடம் நடக்கும் மொழி தாய்மொழியாக இல்லாதவருக்கு இது இன்னும் கடினம். விரிவுரைகளைப் பாட்காஸ்டாகப் பதிவு செய்து தருவதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது: பாடத்தின் வேகத்தைக் கேட்பவர் கையில் அது கொடுக்கிறது.

இதற்கான தொழில்நுட்பம் மிக எளிமையானது. ஆசிரியர் சட்டையில் ஒரு காலர் மைக்கைப் பொருத்திக்கொள்கிறார். மைக் வாய்க்கு அருகே இருக்க வேண்டும் என்பது முக்கியம். மேசையில் வைத்த மைக் அரங்கின் எதிரொலியையும் நாற்காலிச் சத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். பதிவான ஒலியை அப்படியே குறுந்தகட்டுத் தரத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். பலத்த ஒலியின் நிழலில் மறைந்து நம் காதுக்கு எட்டாமல் போகும் நுணுக்கங்களை எம்பி3 முறை கழித்துவிடுகிறது. பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும் என்பதால் அதே ஒரு மணி நேரம் 30 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அந்தக் கோப்பின் முகவரியை ஆர்எஸ்எஸ் என்ற பட்டியல் கோப்பில் சேர்த்துவிட்டால், மாணவரின் செயலி அவ்வப்போது பட்டியலைப் பார்த்துப் புதிய பாடத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். குரலின் சுருதி மாறாமலே வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செயலியிலேயே வசதி உண்டு.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2004-இல் முதலாண்டு மாணவர்கள் 1,600-க்கும் மேற்பட்டோருக்கு ஐபாட் கருவியைக் குரல் பதிவு வசதியோடு வழங்கியது. பாடத்துக்காக அவர்கள் அதிகம் நாடியது அந்தப் பதிவு வசதியைத்தான். இதைவிடக் கூர்மையான சான்று நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரெடோனியாவிலிருந்து 2009-இல் வெளிவந்த ஆய்வு. உளவியல் மாணவர்கள் 64 பேரில் ஒரு பாதி விரிவுரையை நேரில் கேட்டது. மறுபாதிக்கு அதே விரிவுரை பாட்காஸ்டாகக் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் பாட்காஸ்ட் கேட்டவர்களின் சராசரி 71, நேரில் கேட்டவர்களுடையது 62. ஆனால் இந்த வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் பாட்காஸ்டைக் கேட்டபடி குறிப்பெடுத்த மாணவர்கள். சும்மா கேட்டுவிட்டுப் போனவர்களுக்குச் சொல்லத்தக்க ஆதாயம் இல்லை. ஒரே ஒரு விரிவுரையை வைத்துச் செய்த சிறிய சோதனை இது. வகுப்பறையே வேண்டாம் என்ற முடிவை அதிலிருந்து எடுக்க முடியாது. நிறுத்தி, பின்னுக்குப் போய், விட்டதை எழுதிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் குறிப்பு நிறைவடைகிறது, குறிப்பு நிறைவடைந்தால் பாடம் மனதில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

பதிவு கிடைத்துவிட்டால் வகுப்புக்கு யார் வருவார்கள் என்று ஆசிரியர்கள் கேட்பதில் பொருள் இருக்கிறது. சிலர் வராமல் போகத்தான் செய்வார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் மொத்தப் பாடத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவரும் இருப்பார். அதற்காகப் பதிவை மறுத்தால், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரும் நோயில் படுத்தவரும்தான் முதலில் இழப்பார்கள். ஆசிரியர் சொல்வதை மாணவர் எழுதிக்கொள்வது மட்டுமே வகுப்பு என்றால் அதற்கு ஒலிக்கோப்பே போதும். கேள்வி, விவாதம், கரும்பலகையில் சேர்ந்து போடும் கணக்கு இவை இருக்கும் வகுப்பை எந்தக் கோப்பும் காலி செய்யாது. கரும்பலகையைச் சுட்டி “இதோ, இந்தக் கோடு” என்று ஆசிரியர் சொன்னால் ஒலிப்பதிவில் அது வெறுமையாகிவிடும் என்பதும் சரியான குறைதான். கோட்டின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அதைப் பெருமளவு தீர்க்கும். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது உதவும்.

என் பார்வையில் மிகக் கனமான ஆட்சேபம் காது கேளாதவர்களுடையது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தன் விரிவுரைகளை இலவசமாக உலகுக்கு வெளியிட்டு வந்தது. அவற்றில் கணிசமான பகுதி மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டாத வகையில் இருக்கிறது என்று அமெரிக்க நீதித்துறை 2016-இல் கூறியது. அவற்றை அவர்களுக்கு எட்டும்படி மாற்றும் செலவைக் காரணம் காட்டி, 2017-இல் பெர்க்லி 20,000-க்கும் அதிகமான பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது. கேட்க முடியாதவருக்கும் பயனில்லை, கேட்கக்கூடியவருக்கும் இல்லை என்ற நிலை அது. 2022-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இணையத்தில் தான் வெளியிடும் பாடங்களில் பெரும்பாலானவற்றை எல்லோருக்கும் எட்டும்படி செய்ய அந்தப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. பேச்சைக் கணினியே எழுத்தாக்கித் தரும் இந்நாளில் அந்தச் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் கணினி தவறாகக் கேட்கும் கலைச்சொற்களையும் பெயர்களையும் பாடம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். அந்த வேலைக்கான ஊதியத்தை மைக் வாங்கும்போதே பல்கலைக்கழகங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.