சிறு எஞ்சின் வண்டியின் வேக வளர்ச்சி

மைசூர் நகரின் அக்ரஹாரத்திலிருந்து சாமுண்டி மலையுச்சிக்குச் செல்லும் வண்டி ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் ஏறவேண்டும். சமதரையில் குறையேதுமின்றி ஓடிய சிறு வண்டி, மலைச்சாலையின் முதல் வளைவிலேயே திணறுவது உண்டு. உடனே சொந்தக்காரர் பட்டறையை நாடிப் "பிக்கப் போதவில்லை" என்று முறையிடுவார். பட்டறையார் பிக்கப் என்பதையே பழைய இயற்பியல் நூல்கள் வேக வளர்ச்சி என்றும், இக்காலப் பாடநூல்கள் முடுக்கம் என்றும் வழங்குகின்றன.

இவ்வகை வண்டிகள் மைசூருக்குப் புதியன அல்ல. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்தாரின் உரிமம் பெற்று, ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் இந்நகரில் உற்பத்தியைத் தொடங்கிற்று. 250 சி.சி. வண்டிகளோடு 60 சி.சி. சிறு வண்டியையும் அது செய்தளித்தது. 1973 முதல் யெஸ்டி என்ற பெயர் வழங்கலாயிற்று. தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டதாயினும், அவ்வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். அவை யாவும் இருவீச்சு எஞ்சின் கொண்டவை என்பதைப் பின்னர் நினைவிற் கொள்ளவேண்டும்.

எஞ்சினைப் பெரிதாக்காமல் வேக வளர்ச்சியைக் கூட்ட முடியுமா? முடியும். எஞ்சினின் முறுக்கு விசை கியர்களாலும் செயின் பல்சக்கரங்களாலும் பெருக்கப்பட்டே தரையை அடைகிறது. முன் பல்சக்கரத்தில் 14 பற்களும் பின்னதில் 42 பற்களும் இருப்பின் பெருக்கம் 3 மடங்கு. முன்னதை 13 பற்களாக்கினால் அது 3.23 மடங்காகிறது, அதாவது உந்துவிசை நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு உயர்கிறது. பின் பல்சக்கரத்தை மாற்றி இதே பயனைப் பெறச் சுமார் 3 பற்கள் கூட்டவேண்டியிருக்கும். ஆனால் இந்த ஆதாயம் இலவசமாகக் கிடைப்பதன்று. முன்பு மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடிய அதே எஞ்சின் சுழற்சியில் வண்டி இப்பொழுது 56 கிலோமீட்டர்தான் ஓடும். மலையேறுபவருக்கு இது நல்ல பேரம். நஞ்சன்கூடு நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்பவருக்கு அன்று.

சுமையின் கணக்கை மக்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வண்டி 70 கிலோவும் ஓட்டுபவர் 60 கிலோவும் என்று கொள்வோம். பின்னிருக்கையில் 20 கிலோ மூட்டையை ஏற்றினால், மொத்தம் 130-இலிருந்து 150 ஆகிறது. வேக வளர்ச்சி நூற்றுக்கு 13 பங்கு குறைகிறது. பல்சக்கரத்தை மாற்றிப் பெற்ற ஆதாயம் முழுவதையும் ஒரு மூட்டை விழுங்கிவிடுகிறது! விதை மூட்டையும் மருந்துப் பெட்டியும் கொண்டுசெல்லும் களப்பணியாளர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

புதிய ஆற்றலைத் தேடுமுன், இழந்த ஆற்றலை மீட்கவேண்டும். காற்றுக் குறைந்த டயர், உராயும் பிரேக், வழுக்கும் கிளட்ச், அளவுக்கு மிஞ்சி இறுக்கிய செயின் ஆகிய ஒவ்வொன்றும் ஆற்றலைத் திருடும். இருவீச்சு எஞ்சினில் பெட்ரோலுடன் எண்ணெயும் எரிவதால், புகைபோக்கும் துளையிலும் சைலன்சரிலும் கரி படிகிறது. அதைச் சுரண்டி எடுத்தபின், "புது எஞ்சின் வைத்தீர்களா?" என்று கேட்குமளவுக்கு வண்டி மாறிவிடுவதுண்டு.

இதற்கு மாறாக, சிலர் காற்று வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடுகின்றனர். காற்று மிகுதியாகப் புகுந்தால் வேகம் கூடும் என்பது அவர்கள் எண்ணம். தூசி உட்புகுந்து சிலிண்டரைத் தேய்ப்பது ஒருபுறமிருக்க, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது; பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் வண்டிகளில் எண்ணெயும் அதனோடு குறைகிறது. மலையேற்றத்தில் எஞ்சின் கடுஞ்சூடாகிப் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் சட்டென நின்று ஓட்டுபவரைச் சாய்த்துவிடும். அந்த நொடியில் கிளட்சை அழுத்திச் சக்கரத்தை விடுவிப்பதே உயிர்காக்கும் செயல். சைலன்சரைக் கழற்றுவதும் இத்தகையதே. ஓசை பெருகுவதால் வேகம் பெருகியதாகத் தோன்றும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதிக்கும் அது மாறானது.

உயரத்தையும் சிறிது கருதவேண்டும். மைசூர் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு குறைவு. இதற்காகக் கார்புரேட்டரில் கைவைக்கத் தேவையில்லை. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையிலோ குறைவு ஐந்தில் ஒரு பங்கை எட்டுகிறது. அங்கேயே ஓடும் வண்டிக்குச் சிறிய ஜெட் பொருத்துவது பொருந்தும். சமவெளிக்குத் திரும்பினால் பழைய ஜெட்டை மீண்டும் பொருத்திவிடவேண்டும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்களுக்கு அளந்தே காட்டலாம். ஆளரவமற்ற நீண்ட சமதரையில் 50 மீட்டர் அளந்து கோடிட்டு, அதற்கப்பால் பிரேக் பிடித்து நிற்கப் போதிய இடம் விட்டு, உரிமம் பெற்ற பெரியவர் ஒருவர் தலைக்கவசத்துடன் நின்ற நிலையிலிருந்து ஓட்டட்டும். தூரத்தை இரட்டித்து நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சராசரியான வேக வளர்ச்சி கிடைக்கும். 8 வினாடி ஆனால், வினாடிக்கு வினாடி 1.56 மீட்டர், 7.5 வினாடி ஆனால் 1.78 மீட்டர். நேரத்தில் அரை வினாடிக் குறைவு, வளர்ச்சியில் நூற்றுக்கு 14 பங்காக விரிவதை மாணவர்கள் கவனிக்கட்டும். காற்றின் போக்கு கணக்கைக் கெடுக்குமாதலால், இரு திசைகளிலும் மும்முறை ஓட்டிச் சராசரி காணவேண்டும்.