லேசர் எங்ரேவர்: எத்தனை வாட் வேணும்?

சின்னப் பட்டறைக்கு முதல் லேசர் எங்ரேவர் வாங்கறவங்க பெட்டி மேல இருக்கிற வாட்டைத்தான் முதல்ல பார்ப்பாங்க. சிக்கலே அங்கதான். 40 வாட் என்று போட்டிருப்பது பல நேரம் மெஷின் இழுக்கும் மின்சாரம். ஒளியாக வெளியே வருவது 5 வாட்தான் இருக்கும். விவரப் பட்டியலில் 'ஆப்டிகல் பவர்' என்ற வரியைத் தேடுங்க. அது இல்லையா, அந்த மெஷினை விட்டுடுங்க.

மரத்தில் பெயர் பொறிக்க 5 வாட் டயோடு தாராளம். 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை அடிக்கடி வெட்டணும்னா 10 வாட் பாருங்க. ஆனா நிறமில்லாத அக்ரிலிக்கிடம் இந்த வாட் கணக்கு எடுபடாது. 450 நானோமீட்டர் நீல ஒளி அதைச் சூடாக்காமல் ஊடுருவிப் போய்விடும். அதுக்கு கார்பன் டை ஆக்சைடு லேசர்தான்.

மிச்சக் காசை மூடிய கூண்டுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் வையுங்க. அரை வாட்டைத் தாண்டினாலே நான்காம் வகுப்பு லேசர். சிதறி வரும் ஒளியே கண்ணைக் கெடுத்துவிடும். அப்புறம், தோல் மாதிரியே இருக்கும் ரெக்சின் பல நேரம் பிவிசி பூசிய துணி. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். ஃபேன் ஓடினாலும் அதை உள்ளே வைக்காதீங்க.