கணிப்பொறிக்கு ஓசை குறைந்த மின்வழங்கி

வீட்டிலேயே பாகங்களை வாங்கிக் கணிப்பொறியைப் பூட்டிக்கொள்வோர் தங்களிடமுள்ள பணத்தை முதலில் பிராசஸருக்கும் நினைவகத்துக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய தொகையில் மின்வழங்கியை வாங்குவதே வழக்கமாக இருந்து வருகிறது. கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் இவ்வுபகரணம் பெட்டியின் ஒரு மூலையில் மறைந்திருப்பதனால், அது செவிக்குப் புலப்படும் வரையில் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பாடங்களைத் தம் குரலிலே பதிவு செய்து மாணவர்க்கு அனுப்பும் ஆசிரியரும், கள ஆய்வில் சேகரித்த பேச்சுப் பதிவுகளை இரவில் கேட்டு எழுதும் ஊழியரும் அதன் இரைச்சலை முதன்முதலாக உணர்கின்றனர். பதிவில் ஒருமுறை கலந்துவிட்ட இரைச்சலைப் பிற்பாடு நீக்க முயலுங்கால், குரலிலும் ஒரு பகுதி சிதைந்து போகிறது. ஆதலின் இரைச்சலைத் தோன்றும் இடத்திலேயே குறைப்பதுதான் அறிவுடைமை.

எவ்வளவு ஓசை மிகுதி என்பதற்கு இரண்டு அளவுகோல்களைக் குறிப்பிடலாம். இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளிப்புற ஓசைக்கு 45 டெசிபெல் என்ற வரம்பை விதித்துள்ளன. படுக்கையறைக்குள் இடைவிடாது ஒலிக்கும் ஓசை 30 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்த வழிகாட்டு நெறி. டெசிபெல் சாதாரணக் கூட்டல் கணக்கிற்கு உட்பட்டதன்று. 10 டெசிபெல் உயர்ந்தால் செவிக்கு ஓசை ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும். பள்ளிக்கூட அறையொன்றில் ஒரே அளவு ஓசையுள்ள 10 கணிப்பொறிகள் இயங்கினால், ஒன்றின் ஓசையோடு 10 டெசிபெல் சேரும்; பத்து மடங்காகாது.

இனி, மின்வழங்கி ஏன் ஒலிக்கிறது என்பதைக் காண்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அது முதலில் நேர்மின்சாரமாக்கி, தற்காலத்து அமைப்புகளில் ஏறக்குறைய 380 முதல் 400 வோல்ட் வரை உயர்த்துகிறது. பிறகு அதனை வினாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைத்து, ஒரு சிறு டிரான்ஸ்பார்மரின் வழியே செலுத்தி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்து வழங்குகிறது. துண்டித்து இணைக்கும் இவ்வேகம் மனிதச் செவியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே நாம் கேட்பது பெரும்பாலும் மின்சாரத்தின் ஓசையன்று. மாற்றும்போது வீணாகும் சக்தி வெப்பமாகிவிடுவதால், அவ்வெப்பத்தை வெளியேற்றச் சுழலும் விசிறியின் ஓசையே ஆகும்.

இதை எளிய கணக்கால் விளக்கலாம். கணிப்பொறிக்குத் தேவையானது 250 வாட் என்று கொள்வோம். மின்வழங்கியின் பயனுறுதிறன் 80 சதவிகிதமாயின், சுவரிலிருந்து 312.5 வாட் எடுக்கப்படுகிறது, 62.5 வாட் வெப்பமாகிறது. 90 சதவிகிதமாயின் வெப்பமாவது ஏறக்குறைய 28 வாட் மட்டுமே. திறனில் வேறுபாடு பத்தே சதவிகிதம். வெப்பத்திலோ இருமடங்கிற்கும் மேல். ஒரு லிட்டர் காற்றின் உஷ்ணநிலையை 10 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 12 ஜூல் சக்தி தேவை. எனவே காற்று 10 டிகிரி சூடேறி வெளிச்செல்வதாகக் கொண்டால், முன்னதற்கு வினாடிக்கு 5 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்றும், பின்னதற்கு 2.3 லிட்டர் காற்றும் வேண்டும். விசிறி தள்ளும் காற்று அதன் வேகத்திற்கு நேர்விகிதத்திலிருக்கும். ஓசையோ அதைவிட மிகக் கடுமையாக ஏறும். வேகம் பாதியானால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும் என்பது விசிறிப் பொறியியலில் வழங்கும் விதி. இவ்விதிப்படி மேற்கண்ட இரு மின்வழங்கிகளுக்கும் இடையே, ஒரே விசிறியைப் பொருத்தினாலும், சுமார் 17 டெசிபெல் வேறுபாடு காணும். அமைதிக்காகக் கொடுக்கும் விலை உண்மையில் பயனுறுதிறனுக்குக் கொடுக்கும் விலையே.

நம் நாட்டில் இக்கணக்கு இத்துடன் முடிவதில்லை. உட்பாகங்களைத் தழுவிச் செல்லும் காற்று 50 டிகிரிக்கு மேற்படலாகாது என்று வைத்துக்கொள்வோம். அறை 25 டிகிரியில் இருக்குமானால் காற்று 25 டிகிரி வரை சூடேற இடமுண்டு. அறையே 40 டிகிரியாகிவிட்டால் எஞ்சுவது 10 டிகிரிதான். அதே வெப்பத்தை வெளியேற்ற இரண்டரை மடங்கு காற்று வேண்டும். ஓசை சுமார் 20 டெசிபெல் ஏறும். இது தோராயமான கணக்கே எனினும், குளிர்நாடுகளில் எழுதப்படும் மதிப்புரைகளை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு இதுவே போதிய காரணம். மேலும் ஒரு விநோதம் கருதத்தக்கது. குரலைப் பதிவு செய்ய அமரும் ஆசிரியர் சன்னலை மூடி, கூரை விசிறியையும் நிறுத்திவிடுகிறார். அறை புழுங்குகிறது. அமைதி மிகவும் வேண்டப்படும் அந்த வேளையிலேதான் மின்வழங்கியின் விசிறி விரைந்து சுழலத் தொடங்குகிறது.

இதை எழுதுபவன் சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் தன் இல்லத்தில் ஒரு கணிப்பொறியைப் பூட்டியபோது, 'சைலண்ட்' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த ஒன்றை நம்பி வாங்கினான். தை மாதத்தில் அது இருக்கும் இடமே தெரியவில்லை. வைகாசியில், முதிய தாயார் தம் இளமைக்காலச் செய்திகளைச் சொல்லக் கேட்டுப் பதிவு செய்தபோது அது முழு வேகத்தில் ஓடியது. பதிவு இன்றும் இருக்கிறது. தாழ்ந்த அக்குரலின் அடியில் விசிறியும் இருக்கிறது. மறுமுறை பதிவு செய்ய இனி வழியில்லை. அட்டையில் கண்ட அச்சொல்லை 'ஓசையற்ற' என்று மொழிபெயர்ப்பது பிழை. 'சிற்சில வேளைகளில் ஓசையற்ற' என்பதே பொருந்தும்.

எத்தனை வாட் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 65 வாட் வகையைச் சேர்ந்த பிராசஸர் உச்ச வேலையில் சுமார் 90 வாட் வரை இழுக்கலாம். நடுத்தரமான கிராஃபிக்ஸ் அட்டைக்கு 115 வாட். ஏனைய பாகங்களுக்கு 45 வாட். கூட்டுத்தொகை 250. கிராஃபிக்ஸ் அட்டை கணநேரத்துக்கு இதனினும் மிகுதியாக இழுக்கக்கூடும் என்பதாலும், பாதிச் சுமையில் பயனுறுதிறன் பொதுவாக உயர்ந்திருப்பதாலும் 500 அல்லது 550 வாட் மின்வழங்கி தக்கதாகும். பெரியதாக வாங்கினால் அமைதி பெருகும் என்னும் கருத்து பாதி உண்மை. எழுத்து வேலை மட்டும் நடக்கும்போது சாதாரணக் கணிப்பொறி 30 முதல் 50 வாட் வரையே செலவிடும். 1000 வாட் மின்வழங்கிக்கு அது ஐந்து சதவிகிதத்துக்கும் உட்பட்ட சுமை. அத்துணைக் குறைந்த சுமையில் பயனுறுதிறன் வீழ்ச்சியுறுகிறது. பணமும் வீண். குறிப்பிட்ட வாட் அளவைத் தயாரிப்பாளர் 40 டிகிரியில் உறுதி கூறுகிறாரா, 50 டிகிரியில் கூறுகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாமவரே நமக்கு வேண்டியவர்.

80 பிளஸ் என்னும் தரமுத்திரை 2004-இல் தொடங்கியது. அதில் தங்கப் படியைப் பெற்றது, 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் 90 சதவிகிதமேனும் பயனுறுதிறன் உடையது. நமது 230 வோல்ட்டில் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். ஆயினும் இச்சோதனை 23 டிகிரியை ஒட்டிய சூழலில் நடைபெறுவது. ஓசையை அது அளப்பதில்லை. ஓசைக்கெனத் தனி முத்திரை வழங்குவது சைப்ரஸ் நாட்டைச் சேர்ந்த சைபெனெடிக்ஸ் நிறுவனம். அதன் 'ஏ' படி 20 முதல் 25 டெசிபெல். 'ஏ பிளஸ்' 15 முதல் 20. 'ஏ இரட்டைப் பிளஸ்' 15-க்கும் கீழ். கூரை விசிறி சுழலும் அறையில் 15 டெசிபெல்லுக்கும் 20 டெசிபெல்லுக்கும் உள்ள வேற்றுமை எவர் செவிக்கும் எட்டாது. பெரும்பாலான வாசகர்களுக்குத் தங்கப் படியும் 'ஏ' படியும் ஒருங்கே உள்ள ஒன்றே போதும் என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

விசிறியைப் பொறுத்தவரை, 120 அல்லது 135 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுழன்றே வேண்டிய காற்றைத் தரும். சிறு பெட்டிகளுக்கான குறுகிய மின்வழங்கிகளில் 92 மில்லிமீட்டரோ அதனினும் சிறியதோ அமைவதால் கீச்சென்ற ஓசை மிகும்; இடநெருக்கடி இல்லாதவர் அவற்றைத் தவிர்க்கலாம். எண்ணெய்ப் படலத்தின்மேல் சுழலும் திரவ பேரிங் ஓசை குறைந்தது, நீண்ட நாள் உழைப்பது. மலிவான ஸ்லீவ் பேரிங் வெப்பத்தில் எண்ணெய் வற்றிச் சில ஆண்டுகளில் கரகரக்கத் தொடங்கும். குறைந்த சுமையில் விசிறி முற்றிலும் நின்றுவிடும் அமைப்பும் உண்டு. கோடையில் அது அரிதாகவே நிற்கும் என்பதை எதிர்பார்த்து, எந்தச் சுமையில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்து வாங்குதல் நலம். விசிறியே இல்லாத மின்வழங்கிகள் விலை மிக்கவை. பெட்டியில் வேறு விசிறியின் காற்றோட்டம் இல்லாவிடில் நம் கோடைக்கு அவை ஏற்றவையல்ல.

விசிறியால் வராத ஓசையும் உண்டு. கம்பிச் சுருள்கள் காந்த விசையால் அதிர்ந்து மெல்லிய ரீங்காரம் எழுப்பலாம். சுமை மாறும்போது அதன் சுருதியும் மாறுவதே அதன் அடையாளம். இது பழுதன்று; எனினும் கேட்கச் சகியாததாயின், திருப்பி மாற்றிக்கொள்ளும் காலவரம்புக்குள் கடைக்காரரிடம் கொண்டு செல்லவேண்டும். யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமல் கேட்குமானால், அச்சாதனம் சீரான சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு போன்ற அலையை வழங்குகிறது என்று கொள்ளலாம். அந்நிலையில் மின்வழங்கியை மாற்றுவதால் பயன் சிறிதே.

பெட்டியின் அடியில் மின்வழங்கியைப் பொருத்தும் அமைப்பில், அடித்தட்டில் காற்றுத் துளைகள் இருப்பின், விசிறி கீழ்நோக்கி இருத்தல் வேண்டும்; அப்போதுதான் அது அறைக்காற்றை நேரே இழுக்கும். மேலே பொருத்தும் பழைய அமைப்பு, பிற பாகங்கள் சூடாக்கிய காற்றையே உட்கொள்வதால் விசிறி விரைந்து சுழலும். அடியிலுள்ள தூசி வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டவேண்டும். கரகரக்கும் விசிறிக்கு எண்ணெய் இடும் எண்ணத்துடன் மின்வழங்கியின் மூடியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. உள்ளிருக்கும் மின்தேக்கியில், செருகியைப் பிடுங்கிய பின்னரும், உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். கணிப்பொறியின் உட்புறத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர் இதனை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

புதிதாக வாங்குமுன், ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு தாளைக் குழலாகச் சுருட்டிச் செவியில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். மூடிய பெட்டியின் வெளிப்புறத்தில், ஒவ்வொரு துளைத்தட்டின் அருகிலும் குழலின் மறுமுனையைக் கொண்டு செல்ல, குற்றவாளி தெளிவாகப் புலப்படும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸ் சுருதியில் முனகிப் பெட்டியின் தகட்டையும் அதிரச் செய்யும். பலர் அதனை மின்வழங்கியின் ஓசை என்று மயங்குகின்றனர். அவ்வாறாயின் செலவு நான்கு ரப்பர் வளையங்களோடு முடிந்துவிடும்.