பத்து வருட அனுபவம் பரீட்சைக்குப் போதுமா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் கடைக் கதவுகள் திறக்கும் காலை நேரம். மகா மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டும் கைகள் வேலையைத் தொடங்கியிருக்கும். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் தாதியர் அந்த வழியாகத்தான் நடந்து போவார்கள். "சிங்கப்பூர் போகவில்லையா? லண்டன் போகவில்லையா?" இந்தக் கேள்வியைக் கேட்காத உறவினர் அவர்களில் யாருக்கு இருக்கிறார்?

போக நினைக்கும் தாதி முதலில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே அவர் பதிவு பெற்ற தாதி. விமானம் ஏறி இறங்கியதும் அவர் 'வெளிநாட்டில் பயின்றவர்'. பத்து வருடம் வார்டில் நின்றவராக இருந்தாலும், பரீட்சை எழுதித்தான் அந்த நாட்டில் மறுபடியும் தாதியாக முடியும். இது இங்கே வருபவருக்கும் பொருந்தும். சென்னையிலோ வேலூரிலோ படித்துவிட்டுத் திரும்பும் பினாங்குப் பெண்ணும், 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெறாமல் இங்கே தாதியாக வேலை செய்ய முடியாது.

எந்த நாடு, எந்தப் பரீட்சை?

அமெரிக்காவில் என்கிளெக்ஸ்-ஆர்.என். என்ற பரீட்சை. 2015 முதல் கனடாவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இதுவே. ஆஸ்திரேலியாவில் என்கிளெக்ஸ் தேறிய பிறகு, அடிலெய்டில் செய்முறைத் தேர்வும் உண்டு. பிரிட்டனில் இரண்டு கட்டம்: முதலில் கணினித் தேர்வு, பிறகு பிரிட்டனுக்கே போய் ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு. சிங்கப்பூருக்கு அதன் தாதியர் வாரியம் நடத்தும் உரிமத் தேர்வு. ஆகவே, நாட்டை முடிவு செய்யாமல் புத்தகம் வாங்குவது காசுக்குத்தான் நஷ்டம்.

கணினி பாதியில் நின்றால் தோல்வியா?

என்கிளெக்ஸ் பரீட்சையைப் பற்றி உலவும் பயங்களில் பெரியது இதுதான். கணினி ஒவ்வொரு பதிலையும் எடைபோட்டு, அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். எழுதுபவரின் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் கணினி நின்றுவிடும். 2023 ஏப்ரல் முதல் குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, நேரம் 5 மணி. 85இல் நின்றது வெற்றியாகவும் இருக்கலாம், தோல்வியாகவும் இருக்கலாம். கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் கலங்க வேண்டியதில்லை. நன்றாக எழுதுவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

தாளில் எழுதிப் பழகியவர்கள் தெரியாத கேள்வியை விட்டுவிட்டுக் கடைசியில் வருவார்கள். அது இங்கே நடக்காது. பதில் தந்தால்தான் அடுத்த கேள்வி வரும். திரும்பிப் போக வழியில்லை.

சத்தம் நின்ற மூச்சு

நன்றாக வேலை தெரிந்தவர்களும் தோற்பது ஏன்? ஒரு மாதிரிக் கேள்வியைப் பாருங்கள். வார்டில் நான்கு நோயாளிகள். ஒருவர் அறுவைச் சிகிச்சை முடிந்து வலியில் கத்துகிறார். இன்னொருவருக்கு 38.2 பாகை காய்ச்சல். மூன்றாமவர் நீரிழிவு நோயாளி; வீட்டுக்குப் போகுமுன் இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறார். நான்காமவர் ஆஸ்துமா நோயாளி. சற்று முன்வரை மூச்சிழுப்புச் சத்தம் பலமாகக் கேட்டது. இப்போது சத்தம் நின்று, அசந்து படுத்திருக்கிறார். முதலில் யாரிடம் போக வேண்டும்?

கத்துபவரிடம் கால் தானாகப் போகும். ஆஸ்துமா நோயாளிக்குக் குணமாகி, தூங்குகிறார் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. காற்றே உள்ளே போகாததால் சத்தம் நின்றிருக்கிறது, களைத்து மயங்குகிறார். முதலில் அவரிடம்தான் போக வேண்டும். மூச்சுவழி, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசை எல்லாத் தாதிக்கும் தெரியும். பரீட்சை கேட்பது அந்த வரிசையை அல்ல. அமைதியாகக் கிடப்பவரிடம் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் கண்ணை.

அடுத்த கேள்வி: அங்கே போய் முதலில் என்ன செய்வது? "டாக்டரைக் கூப்பிடு" என்பது வார்டுப் பழக்கம். பரீட்சையிலோ, தாதி தன் கையால் உடனே செய்யக்கூடியது மிச்சமிருந்தால் அதுதான் முதல். நிமிர்த்தி உட்கார வை, ஆக்சிஜன் கொடு, பிறகு கூப்பிடு. பல வருடம் உத்தரவுக்குக் காத்திருந்து பழகியவருக்குக் கடினமான பாடம் இதுவே.

கணக்கும் கையும்

பிரிட்டனின் கணினித் தேர்வில் மருந்துக் கணக்கு தனிப் பகுதி: 15 கேள்வி, 30 நிமிடம். உதாரணமாக, 1000 மில்லிலிட்டர் திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 15 சொட்டு. 1000ஐ 15ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 31 சொட்டு. வார்டில் பம்பு இயந்திரம் போடும் கணக்கை இங்கே கை போட வேண்டும்.

ஆஸ்கியில் 10 கட்டங்கள். கை கழுவ மறந்தாலோ, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்காமல் மருந்தை நீட்டினாலோ அந்தக் கட்டம் தேறுவது கடினம். அவசரத்தில் தினமும் விட்டுப்போகும் சின்னக் காரியங்கள்தான் அங்கே பெரிய காரியங்கள்.

பணத்தை எங்கே போடுவது?

நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. என்கிளெக்ஸ் கட்டணம் 200 அமெரிக்க டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150 டாலர். தோற்றால் 45 நாள் காத்திருந்து மறுபடியும் கட்ட வேண்டும். "கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கும்" என்று சொல்லும் ஏஜெண்டு அந்தப் பணத்தைப் பாழாக்குபவர். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கேள்வி வரும் பரீட்சையில் எந்தத் தாள் கிடைக்கும்? நைஜீரியாவின் இபாடான் நகரில் ஒரு தேர்வு மையத்தின் முடிவுகளில் மோசடி நடந்திருப்பதாக 2023இல் பிரிட்டன் வாரியம் அறிவித்தது. அங்கே எழுதிய நூற்றுக்கணக்கானோர் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று.

முதல் செலவு ஆங்கிலத்துக்கு. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். படித்த கல்லூரியிலிருந்தும் வாரியத்திலிருந்தும் போக வேண்டிய சான்றுகளையும் அதே வாரத்தில் கேட்டுவிடுவது நல்லது. காகிதம் வருவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பிறகு தினமும் இரண்டு மணி நேரம், மாதிரிக் கேள்விகள். எத்தனை சரி என்று எண்ணுவதைவிட, தவறிய ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறியது என்று நோட்டில் ஒரு வரி எழுதினால், பத்து வாரத்தில் அந்த நோட்டே சொந்தப் பாடநூலாகும்.

அனுபவம் வீணில்லை. ஆனால் ஒவ்வொரு பழக்கத்தையும் ஒருமுறை நிறுத்தி, "இதை ஏன் செய்கிறேன்?" என்று கேட்ட பிறகுதான் அது பரீட்சைக்கு உதவும். அப்படிக் கேட்டுப் பழகிய தாதி அயல்நாடு போனாலும் சரி, பினாங்கிலேயே இருந்தாலும் சரி, சத்தம் நின்ற கட்டிலின் பக்கம் முதலில் திரும்பிப் பார்ப்பார்.