எண் மறைந்தால் குளிரும் மறைந்துவிடுமா?

கொடைக்கானல் மலைப்பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் ஊரில் மதியமே பனிமூட்டம் வகுப்பறைச் சன்னல் வரை வந்துவிடும். அப்படி ஒரு நாளில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையில் என்னிடம் வந்து நின்றாள்.

“சார், எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல நம்பர் வரல. அம்மாச்சியோட இன்சுலின் கெட்டுப் போயிருக்குமா?”

விசாரித்தேன். அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு வெளியே வெப்பநிலையைக் காட்டும் சிறிய டிஸ்ப்ளே உண்டு. அது இரண்டு நாட்களாக இருண்டு கிடந்தது. எண் போனதும் குளிரும் போய்விட்டது என்று நினைத்த அவளுடைய அம்மா, இன்சுலின் குப்பி ஒன்றைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரீசருக்குள் வைத்துவிட்டார். மலையடிவாரத்திலிருந்து வரவேண்டிய மெக்கானிக், “போர்டு போயிருக்கும், மாத்தணும்” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகுமாம்.

முதலில் மருந்தைப் பற்றித்தான் பேசினேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், மீண்டும் உருகினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் குப்பியைக் காட்டச் சொன்னேன். அவரும் அதையே சொல்லி, வேறு குப்பி கொடுத்தார். ஃபிரிட்ஜ் உண்மையில் பழுதாகியிருந்தால் இந்தப் புதுக் குப்பியை எங்கே வைப்பது? இந்தக் கேள்வியோடுதான் எங்கள் ஆய்வு தொடங்கியது.

வகுப்பில் கேட்டேன்: “டிஸ்ப்ளே இருண்டுவிட்டது. இதிலிருந்து நமக்கு உறுதியாகத் தெரிவது என்ன?” பெரும்பாலானோர், “ஃபிரிட்ஜ் ஓடல சார்” என்றனர். ஒரு மாணவன் மட்டும், “டிஸ்ப்ளே எரியலன்னு மட்டும்தான் சார் தெரியும்” என்றான். சரியான பதில் அதுதான். குளிரை உண்டாக்குவது கம்ப்ரசரும் வாயுவும். டிஸ்ப்ளே செய்தி சொல்வது மட்டுமே. செய்தி வராததற்குக் காரணம் குளிர் இல்லாதது என்றுதான் இருக்க வேண்டுமா? செய்தி வரும் வழியும் அறுந்திருக்கலாம் அல்லவா?

ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதித்தோம்.

குளிரைச் சோதிக்க ஒரு வெப்பநிலைமானி தேவை. ஆனால் அந்த வெப்பநிலைமானியை எப்படி நம்புவது? கொதிநீரில் வைத்து 100 டிகிரி காட்டுகிறதா எனப் பார்க்கலாம் என்றாள் ஒரு மாணவி. கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சோதனையை நம்பினால் நல்ல வெப்பநிலைமானியைக் கெட்டது என்று தள்ளிவிடுவோம். பனிக்கட்டி உருகும் வெப்பநிலையோ உயரத்தால் பெரிதாக மாறுவதில்லை. நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் கலந்த கலவையில் வைத்துப் பார்த்தோம். பூச்சியம் காட்டியது.

ஒரு தம்ளர் நீரில் அதை வைத்து, மாணவியின் வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இரவு முழுவதும் விடச் சொன்னேன். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை சட்டென்று மாறும். நீரின் வெப்பநிலை அப்படி மாறாது. காலையில் 5 டிகிரி. குளிரில் குறையே இல்லை! புதுக் குப்பியை நடுத்தட்டிலேயே வைத்தார்கள்.

இப்போது ஐயம் டிஸ்ப்ளே பக்கம் சுருங்கியது. காரணங்களாக மூன்றைக் கரும்பலகையில் எழுதினோம்: வீட்டு மின்சாரம், பனிமூட்டத்தின் ஈரம், வயர். என் ஊகம் ஈரம்தான். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் தீப்பெட்டிகூட நமத்துப் போகும். ஆனால் என் ஊகத்தைச் சொல்லாமல், மாணவியை ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னேன். நேரம், மூட்டமா வெயிலா, கதவு எந்த நிலையில், டிஸ்ப்ளே எரிகிறதா என நான்கு கட்டங்கள்.

நான்கு நாள் கழித்துக் குறிப்பேடு வந்தது. நான் நினைத்தது தவறு. வெயில் அடித்த நாளிலும் கதவு மூடியிருக்கும்போது டிஸ்ப்ளே இருண்டிருந்தது. மூட்டமான நாளிலும் கதவைப் பாதி திறந்தால் எண் தெரிந்தது! கதவைச் சிறிது திறந்த நிலையில் உள்விளக்கு எரிந்தது, டிஸ்ப்ளே எரியவில்லை. ஆகவே வீட்டு மின்சாரமும் காரணமல்ல. “கதவை மெதுவா நகர்த்தினா, ஒரே இடத்துலதான் சார் வந்து வந்து போகுது” என்றாள். கதவு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது ஈரத்துக்குத் தெரியாது. கதவோடு சேர்ந்து வளையும் வயருக்குத்தான் தெரியும்.

மெயின் போர்டு பெட்டியின் உடலில் இருக்கிறது. டிஸ்ப்ளே கதவில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வயர்கள் மேல் கீல் வழியாகச் செல்கின்றன. கதவைத் திறக்கும்போதெல்லாம் அவை அந்த இடத்தில் வளைகின்றன. நாளைக்கு 30 முறை திறப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 10,950 முறை. திறக்கையில் ஒன்று, மூடுகையில் ஒன்று என்றால் 21,900 வளைவுகள். மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. ஒடிந்த முனைகள் ஒரு கோணத்தில் தொட்டுக்கொள்ளும், மறு கோணத்தில் விலகும். ஆறாம் வகுப்பில் நாம் நடத்தும் மூடிய சுற்றும் திறந்த சுற்றும் இதுதான்.

இன்னொரு தடயமும் உண்டு. செய்தி கொண்டுவரும் வயர் மட்டும் அறுந்தால், டிஸ்ப்ளே ஒளிர்ந்துகொண்டே தவறான குறியைக் காட்ட வாய்ப்புண்டு. இங்கே முழுவதும் இருண்டதால், மின்சாரம் தரும் வயரில் அல்லது அது திரும்பும் வயரில் பழுது இருக்கலாம் என்று எழுதி வைத்தோம்.

இதற்கு மேல் மாணவர்களின் வேலை இல்லை. டிஸ்ப்ளேவுக்குச் செல்வது குறைந்த மின்னழுத்தம்தான் என்றாலும், அதே பெட்டியின் போர்டில் 230 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கலாம். இன்று பல வீட்டு ஃபிரிட்ஜ்களில் உள்ள ஐசோபியூட்டேன் வாயு எரியக்கூடியது. எனவே உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தோம். குறிப்பேட்டை அவரிடம் காட்டினாள் மாணவி. அவர் பிளக்கை எடுத்துவிட்டு, கீல் மூடியைக் கழற்றி, வயரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். ஒரு வயரில் மட்டும், நேராகப் பிடித்தால் பீப் ஒலி கேட்டது, வளைத்தால் நின்றது. டிஸ்ப்ளேவுக்கு மின்சாரம் தரும் வயர் அது.

அறுந்த இடத்திலேயே அவர் ஒட்டுப் போடவில்லை. ஈயப்பற்று வைத்த இடம் விறைத்துவிடும், வளையும் இடத்தில் அது இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி ஒடியும் என்றார். பல மெல்லிய இழைகள் கொண்ட புது வயர்த் துண்டைச் சேர்த்து, இரு ஒட்டுகளும் கீலுக்கு வெளியே வளையாத பகுதியில் அமையும்படி செய்தார். போர்டு மாற்றும் செலவு மிச்சமானது.

மறுவாரம் வகுப்பில் மின்கலம், சிறு விளக்கு, ஒற்றைக் கம்பி, பல இழை வயர் கொண்டு இதையே செய்து பார்த்தோம். குழுக்கள் கம்பியை வளைத்து, விளக்கு அணையும் வரை எண்ணின. எல்லாக் குழுவிலும் ஒற்றைக் கம்பிதான் முதலில் ஒடிந்தது. ஆனால் எண்ணிக்கை குழுவுக்குக் குழு மாறியது. ஏன் மாறியது என்ற விவாதம் அடுத்த பாடவேளையையும் எடுத்துக்கொண்டது. வளைக்கும் கோணத்தை ஒரே அளவாக வைக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

உங்கள் வகுப்பிலும் இதைச் செய்யலாம். மின்விசிறி, மிக்ஸி, கைப்பேசி சார்ஜர் என எந்தப் பழுதானாலும், திறந்து பார்க்கும் முன் மூன்று கேள்விகளை எழுதச் சொல்லுங்கள்: எது வேலை செய்கிறது? எது செய்யவில்லை? எப்போது? எழுதி முடித்த பிறகு காரணத்தைப் பேசலாம். திறப்பது பெரியவர்களின் வேலை.

அந்த மாணவியின் வீட்டு ஃபிரிட்ஜில் இப்போது எண் தெரிகிறது. ஆனாலும் அவளுடைய அம்மா ஒரு வெப்பநிலைமானி வாங்கி, நடுத்தட்டில் இன்சுலினுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் நீரில் வைத்திருக்கிறார்.