அடைக்கலம் வந்த நாயும் அதன் இடுப்பு மூட்டும்

காப்பகத்திலிருந்து ஒரு நாயை வீட்டிற்கு அழைத்து வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். படுத்த இடத்திலிருந்து எழ அது தயங்குகிறது. மாடிப்படியின் அடியிலேயே நின்றுவிடுகிறது. ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் முயலைப்போல் ஒருசேரத் தூக்கி வைக்கிறது. 'நோயுள்ள நாயையா கொண்டுவந்தோம்? திருப்பிக் கொடுத்துவிடலாமா?' என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அந்த நாயின் எதிர்காலமே அப்பேச்சின் முடிவைப் பொறுத்திருக்கிறது. ஆதலின், முடிவு செய்யுமுன் அறிய வேண்டியவற்றை இன்று காண்போம்.

இடுப்பெலும்பில் கிண்ணம் போன்ற குழி ஒன்று உண்டு. தொடையெலும்பின் பந்து போன்ற தலை அதனுள் பொருந்திச் சுழல்கிறது. சில நாய்களில் இப்பொருத்தம் தளர்ந்துவிடுகிறது. பிறக்கும்போது குட்டியின் மூட்டு நன்றாகவே தோன்றும். வளரும் மாதங்களில் பிணைப்புத் தளர்வதால் பந்து கிண்ணத்தினின்று விலகி விலகி உராய்கிறது; குழி ஆழம் குறைகிறது; குருத்தெலும்பு தேய்கிறது; நாளடைவில் மூட்டுவாதம் பற்றுகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல் 1935இல் நாய்களிடம் காணும் இக்குறையைப் பற்றி எழுதினார். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் முதலிய பேருடல் இனங்களில் இது மிகுதி. மரபு இதற்கு வித்திடுகிறது. மிகையான தீனியும் உடற்பருமனும் அதை வளர்க்கின்றன.

குட்டியை வளர்ப்பாளரிடம் வாங்கினால் தாய் தந்தையரின் மூட்டைப்பற்றி விசாரிக்கலாம். காப்பக நாய்க்கோ பெற்றோரும் தெரியாது. வயதும் பல்லைப் பார்த்துச் சொன்ன உத்தேசமே. ஆகவே, அது நொண்டினால் உடனே இடுப்பின்மீது பழி போடலாகாது. பாதத்தில் தைத்த முள், முழங்காலில் அறுந்த பிணைப்பு, வண்டி மோதிய பழைய காயம், உண்ணி பரப்பும் காய்ச்சல் ஆகியவையும் நாயை நொண்ட வைக்கும். எந்தக் கால், எந்த நேரம், ஓய்வுக்குப் பின்னரா, ஓட்டத்திற்குப் பின்னரா என்று சில நாள் குறித்து வையுங்கள். அதன் நடையைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையில் அச்சத்தால் நாய் தன் நோவை மறைத்துவிடுவதுண்டு. மூட்டின் நிலையைக் காட்டுவது எக்ஸ்ரே படம். தசைகள் தளர்ந்தால்தான் படம் சரியாக அமையுமாதலால், மயக்க மருந்து கொடுத்தே பெரும்பாலும் அதை எடுப்பர்.

படம் மோசமாக இருப்பினும் மனம் தளர வேண்டாம். படத்தில் காணும் தேய்வும் நாய் படும் வேதனையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மருத்துவர் நோவது நாயின் கால்களா என்றுதான் பார்க்கிறார். படத்திற்கு மட்டும் மருத்துவம் செய்வதில்லை.

இனி, நம் கையில் உள்ளது என்ன? முதலாவது, எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவளித்து, வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தனர். 2002இல் வெளிவந்த முடிவின்படி, நிறைய உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுவாதமும் இவற்றைப் பிந்தியே பற்றியது. அன்பின் பெயரால் வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு பிடி சோறு போட்டால், அந்தச் சுமையைத் தாங்குவது நலிந்த மூட்டன்றோ? தடவிப் பார்த்தால் விலா எலும்புகள் எளிதில் கைக்குத் தட்டுப்பட வேண்டும்; அதுவே அளவு.

இரண்டாவது, இயக்கம். கட்டிப்போட்டால் தசை மெலியும். மூட்டு மேலும் தளரும். நெடுந்தூர ஓட்டமும் துள்ளிப் பந்து பிடிப்பதும் வேண்டாம். நாளுக்குப் பலமுறை சிறு நடையும், வாய்ப்பிருந்தால் நீச்சலும் நன்று. வழுவழுப்பான தரையில் சாக்கு விரித்தல், நகம் வெட்டுதல் ஆகிய எளிய செயல்களும் துணை புரியும்.

மூன்றாவது, மருந்து. மனிதர் உண்ணும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்றே உரிய மருந்துகள் உள்ளன. மிக முற்றிய நிலைக்குச் செயற்கை மூட்டு பொருத்தும் அறுவையும் உண்டு.

ஆக, திருப்பிக் கொடுக்கலாமா என்ற வினாவுக்கு விடை கூறுவது எளிது. இக்குறையுடைய நாய்களுள் பல, அளவான உணவாலும் முறையான நடையாலும் ஆண்டுக்கணக்கில் இனிதே வாழ்கின்றன. ஒருமுறை கைவிடப்பட்ட உயிரை மறுமுறை கைவிடுமுன், உணவுக் கிண்ணத்தின் அளவைச் சற்றுக் குறைத்துப் பார்ப்போமாக.